பயிற்சியில் பிப் மாறிய வரலாறு: சில குறிப்புகளும் ஒரு மறுப்பும்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் எசண்டன் கிளப் கடைசியாக ஓர் இறுதிச்சுற்று ஆட்டத்தை வென்றது 2004 செப்டம்பரில். அன்று அதனிடம் தோற்றது மெல்பர்ன் அணி. அதன்பின் 2025 பருவம் முடியும்வரை அப்படியொரு வெற்றி கிட்டவில்லை. இந்தப் பஞ்சம் ஆட்டக்காரர்களை என்ன செய்தது என்று வேறு பலர் எழுதிவிட்டார்கள். ரசிகர்களின் ஆராய்ச்சி முறையை அது என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். இத்துறையில் முறையான ஆய்வு இதுவரை நிகழவில்லை என்பது ஈண்டு வருத்தத்துடன் நோக்கத்தக்கது. (இப்படி ஒரு வாக்கியம் இல்லாத முன்னுரையை நெறியாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.)

முதலில் ஆய்வுக்களம். மெல்பர்ன் விமான நிலையத்தை ஒட்டிய துல்லாமரின். பல தலைமுறையாக வின்டி ஹில் மைதானத்தில் பயிற்சி செய்துவந்த எசண்டன், 2013இல் இங்கே குடிபெயர்ந்தது. அணிக்குப் பட்டப்பெயர் பாம்பர்ஸ். பயிற்சி நிலையத்துக்குப் பெயர் ஹேங்கர். தலைக்கு மேலே போவதோ நிஜ விமானங்கள். ஆகவே வேலியோரம் நிற்கும் ரசிகர் காதில் பயிற்சியாளர் கத்துவதில் பாதிதான் விழும். மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட சீர்களைப் பதிப்பாசிரியர் நிரப்புவதும் இப்படித்தான் என்பதால் இம்முறைக்கு மரபின் ஒப்புதல் உண்டு.

அடுத்தது காலம். போட்டிகள் மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் கிராண்ட் ஃபைனலோடு முடியும். நவம்பரில் இளைய ஆட்டக்காரர்கள் முதலில் பயிற்சிக்குத் திரும்புவார்கள், மூத்தவர்கள் கொஞ்சம் பின்னால். கிறிஸ்துமஸுக்கு விடுமுறை. ஜனவரியில் மறுபடி ஓட்டம், பிப்ரவரியில் தங்களுக்குள்ளேயே ஆட்டம். இதற்குப் பெயர் பிரீசீசன். இந்த மாதங்களில் எந்த அணியும் தோற்பதில்லை. எந்தக் கொள்கையை முன்வைத்தாலும் அதை மறுக்கும் சான்று மார்ச்சுக்கு முன் வராது. ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியான சூழலை நம் பல்கலைக்கழகங்களால்கூட அமைத்துத் தர முடிந்ததில்லை.

சான்றுகள் பலவகை. உடல் எடை கூடியது என்பது ஒன்று. 2012 மருந்து விவகாரத்துக்காக இக்கிளப்பில் ஆடிய 34 பேர் 2016 முழுவதும் தடைசெய்யப்பட்ட பிறகு, இங்கே யாருக்கு எவ்வளவு தசை ஏறியது என்பதை ரசிகர்கள் உரத்துப் பேசுவதில்லை. நாமும் பேச வேண்டாம்.

இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் இன்னொன்று. முன்பெல்லாம் மெல்பர்ன் தாவரவியல் பூங்காவைச் சுற்றும் 'டான்' பாதையில், ஆண்டர்சன் தெரு ஏற்றத்தில் நாக்குத் தள்ள ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். அது நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்போது ஓட்டம் பாதியாகி, அதைப் பற்றிய பேச்சு இரட்டிப்பாகிவிட்டது. கோடையில் ஓடினால் செப்டம்பரில் கோப்பை வரும் என்பதற்கு மூலச்சான்று ஹாத்தார்ன் கிளப்பில் கிடைக்கிறது. ஜான் கென்னடி தம் ஆட்களைக் கசக்கிப் பிழிந்தார். 'கென்னடியின் கமாண்டோக்கள்' என்று ஊர் பேர் வைத்தது. 1961இல் அக்கிளப்பின் முதல் கோப்பை வந்தது. அதைப் பார்த்து எல்லாக் கிளப்புகளும் பிழியத் தொடங்கின. இன்று பதினெட்டுக் கிளப்புகள் பிழிகின்றன, கோப்பையோ ஆண்டுக்கு ஒன்றுதான். மற்ற பதினேழு கிளப்புகளின் சாறு எங்கே போகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

காயத்தினால் கூட்டத்தில் சேராமல் எல்லைக்கோட்டை ஒட்டி ஒற்றையாக ஓடுபவரும் ஒரு சான்று. இவரை ஐந்திணையில் பொருத்த வேண்டும். பொருத்தாமல் விட்டால் நம்மவர்கள் விட மாட்டார்கள். காபிக்கடையையும் கணினியையும் ஐந்திணையில் அடைத்தே முனைவரான பரம்பரை நம்முடையது. எனவே, டிசம்பர் வெயிலில் ஓடுபவர் பாலை. அவர் தொடைத்தசை ஆறும்வரை காத்திருக்கும் ரசிகர் முல்லை. ஆறிவிட்டது என்று கிளப் அறிவித்த மறுவாரமே அது மறுபடி பிடித்துக்கொண்டால் நெய்தல். வேறு கிளப்பின் மேல் மனம் போவது மருதம்: 2025 அக்டோபரில் அப்போதைய அணித்தலைவர் சாக் மெரெட் ஹாத்தார்னுக்குப் போகக் கேட்டு, பேரம் படியாமல் எசண்டனிலேயே தங்க நேர்ந்தது, வெளியே விடுவதற்கு வாயில் மறுத்த புதுத்துறை. குறிஞ்சிக்கு இக்கிளப்பில் 2004க்குப் பின் சான்று கிடைக்கவில்லை.

இனி எண்ணாராய்ச்சி. 2009, 2011, 2014, 2017, 2019, 2021 ஆகிய ஆறு ஆண்டுகளில் எசண்டன் இறுதிச்சுற்றின் முதல் கட்டமான எலிமினேஷன் ஃபைனல் வரை வந்து, ஆறிலும் தோற்றது. இடைவெளிகளை எழுதினால் 2, 3, 3, 2. பிறகு மறுபடி 2. முதல் நான்கு எண்கள் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே, சுத்தமான மாலைமாற்று. ஐந்தாவதாக வரும் 2 அடுத்த மாலைமாற்றின் தொடக்கமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் அடுத்தது 3. ஆகவே 2024இல் எசண்டன் இறுதிச்சுற்றுக்கு வந்தே தீரும் என்று மாலைமாற்றுக் கொள்கையினர் நிறுவினர். 2024இல் எசண்டன் பதினோராம் இடம். அந்த ஆண்டு முதல் எட்டு அணிகளுக்குத்தான் இறுதிச்சுற்று. கொள்கையினர் கலங்கவில்லை: கணக்கில் பிழையில்லை, 2024 என்பதே ஏடு பெயர்த்தவரின் கைப்பிழை, மூலத்தில் வேறு ஆண்டு இருந்திருக்க வேண்டும். 2013இல் தகுதிபெறும் இடத்தில் இருந்தும் மேற்படி மருந்து விவகாரத்தால் நீக்கப்பட்டதே என்று கேட்டால், அதைச் சேர்த்தால் மாலைமாற்று குலைகிறது, ஆகவே அது இடைச்செருகல் என்பார்கள். ஒரு புலவரின் காலத்தை நிறுவுவதற்காக மூன்று அரசர்களை இல்லாமலாக்கிய அறிஞர்களை நான் படித்திருக்கிறேன். இவர்கள் ஓராண்டைத்தானே நீக்கினார்கள்.

பயிற்சியாளரின் உடல்மொழியைப் படிப்போர் வேறொரு கிளை. கையைக் கட்டினால் அதிருப்தி. இடுப்பில் வைத்தால் பெரும் அதிருப்தி. ஒரு கையால் முகவாயைத் தடவினால் அணியின் ஆட்ட உத்தியே மாறப்போகிறது. 2023 முதல் பயிற்சியளிக்கும் பிராட் ஸ்காட்டை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து இவ்விதம் உரை செய்து வந்தனர். இக்கிளையை வேரறுத்தது ஒரு குடும்பச் செய்தி. பிராட் ஸ்காட்டின் இரட்டைச் சகோதரர் கிறிஸ் ஸ்காட், 2011 முதல் ஜீலாங் கிளப்பின் பயிற்சியாளர். அதே முகவாய், அதே கைகள். அவர் 2011இலும் 2022இலும் கோப்பை வாங்கிவிட்டார். ஒரே அபிநயத்துக்கு ஓரிடத்தில் கோப்பையும் மற்றோரிடத்தில் பதினோராம் இடமும் பொருளானால், அபிநயம் சான்றாகாது. இக்கிளையினரில் பெரும்பாலோர் இப்போது பிப் ஆராய்ச்சிக்கு மாறிவிட்டனர்.

ஆகவே பிப். பயிற்சி ஆட்டத்தில் இரு தரப்பையும் பிரித்துக் காட்ட ஜெர்சிக்கு மேலே மாட்டும் கையில்லாத வலைப் பனியன் அது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு வருமாறு: டிசம்பர் மாதத்துக் காலை ஒன்றில், பயிற்சி ஆட்டத்தின் நடுவே, ஹாஃப் பேக் எனும் தற்காப்பு வரிசையில் நின்ற இளைஞர் ஒருவர் தம் மஞ்சள் பிப்பைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் வாங்கி மாட்டிக்கொண்டார். ஆட்டம் தொடர்ந்தது. மூலபாடம் இவ்வளவே.

உரைகள் பல. தெற்கு வேலியார் கருத்து: மூத்த நடுக்கள ஆட்டக்காரர்கள் பிப் அணிந்திருந்தனர், ஆகவே பிப் தரப்பே முதல் அணி, கழற்றியவர் மார்ச்சில் தள்ளப்படுவார். வடக்கு வேலியார் கருத்து: பிப் தரப்பு எதிரணியாக நடிப்பது, ஆகவே கழற்றியவர் முதல் அணிக்கு உயர்த்தப்பட்டார். இரு தரப்பும் கண்டது ஒரே இளைஞரை, ஒரே பிப்பை. இருதரப்பிலும் தொலைநோக்கி உண்டு. கார் நிறுத்துமிடத்தார் என்றொரு சிறு பிரிவினர், இறங்கிக்கொண்டே பார்த்ததில் பிப் பச்சையாக இருந்தது என்று ஒரு பாடபேதம் தருகின்றனர். அவர்கள் அணிந்திருந்த கறுப்புக் கண்ணாடியை ஆய்வில் கணக்கில் கொள்ளவில்லை.

சான்றோர் மேற்கோள்களைக் காண்போம். தெற்கு வேலியின் மூன்றாம் தூணருகே நின்றவர், கழற்றுமுன் இளைஞர் பயிற்சியாளரைப் பார்த்தார் என்கிறார். அதே தூணின் மறுபக்கம் நின்றவர், பார்த்தது பயிற்சியாளரை அன்று, தண்ணீர்ப் புட்டியை என்று மறுக்கிறார். மறுத்தவரின் மைத்துனர், தாம் ஐந்தாம் தூணில் நின்றபோது மூன்றாம் தூண்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு பணியாரம் போன்ற ஏதோ ஒன்றைத் தின்றுகொண்டிருந்ததாகச் சாட்சி சொல்கிறார். மைத்துனர் அன்று வரவே இல்லை, வந்தது முந்தைய வியாழன் என்று மைத்துனரின் மனைவி ஒரு திருத்தம் அளித்துள்ளார். அத்திருத்தத்துக்கு மைத்துனர் எழுதிய மறுப்பும், மறுப்புக்கு மாமியார் எழுதிய அடிக்குறிப்பும் குடும்பக் கையிருப்பில் உள்ளன, வெளியார் பார்வைக்குத் தருவதில்லை. நாயைச் சங்கிலியில் பிடித்துவந்தவரின் உரைதான் இருப்பதில் விரிவானது. இளைஞர் கழற்றியபோது சொன்ன சொற்களை அவர் அப்படியே தருகிறார்: "எனக்கு இது..." இவ்விடத்தில் நாய் இழுத்துவிட்டதால் உரை சிதைந்துள்ளது. நாய் நின்றபின் உரை மீண்டும் தொடங்கும் இடத்தில் பந்து மறுகோடியில் இருக்கிறது.

தெர்மாஸ் பெரியவர் ஒருவர் உண்டு. வின்டி ஹில் நாள்முதல் பயிற்சிக்கு வருபவர். அந்தக் காலத்தில் பிப்பே கிடையாது, யார் எந்தப் பக்கம் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும், அது போதும் என்றார். அவரை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. காட்டினால் துறையே மூடப்படும்.

காற்றுப்பைக் கொள்கை இவற்றுக்கெல்லாம் மேலானது. 1981 முதல் 2007 வரை எசண்டனுக்குப் பயிற்சியளித்து நான்கு கோப்பை வாங்கிக் கொடுத்த கெவின் ஷீடி, வெஸ்ட் கோஸ்ட் அணி ஆடவந்தபோது காற்றின் போக்கு தெரியாமலிருக்க மைதானத்துக் காற்றுப்பையைக் கட்டிவைக்கச் செய்தார். இது நடந்த செய்தி. ஆகவே எசண்டனில் கண்ணுக்குத் தெரிவது எதுவும் கட்டிவைக்கப்பட்டதாக இருக்கலாம். பிப் மாற்றம் பார்ப்பவரை ஏமாற்றச் செய்த தந்திரம் என்பது இக்கொள்கை. டிசம்பரில் ஏமாற்றுவதற்கு அங்கே எதிரணியே இல்லையே என்ற தடைக்கு விடை: வேலியோரத்தில் நாம் இருந்தோமே. இக்கொள்கையில் எனக்குப் பிடித்தது, பிப் தந்திரம் என்றால் தந்திரம், இல்லையென்றால் அதுவும் தந்திரம் என்னும் அதன் உறுதி.

பயிற்சி முடிந்து ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட வேலிக்கு வந்தனர். ஆராய்ச்சியாளர்கள் அந்த இளைஞரின் கணுக்காலை நோக்கிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி குறுக்கே புகுந்து கேட்டாள்: "நீங்க ஏன் அதைக் கழட்டினீங்க?"

"சின்னதா இருந்துச்சு. கழுத்துல இறுக்குச்சு," என்றார் அவர்.

இக்கூற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலன் பார்த் 1960களிலேயே பாரிஸிலிருந்து அறிவித்துவிட்டார். அச்சாவுச் செய்தி நம் ஊருக்கு வந்துசேர்ந்த நாள்முதல் அதைப் படிக்காமல் ஒரு கருத்தரங்கும் தொடங்குவதில்லை. ஆசிரியனுக்கே இந்தக் கதி என்றால், 18 பேர் கொண்ட அணியில் ஹாஃப் பேக் வரிசையில் நிற்பவர் தம் பிப்புக்குப் பொருள் சொல்ல எந்த உரிமையும் இல்லை. மேலும் பிப் சிறியது என்றால், அதை ஏன் அவருக்குக் கொடுத்தார்கள்? கொடுத்தவர் யார்? யார் அளவுக்கு அது தைக்கப்பட்டது? மூன்று கேள்விகளிலும் தெற்கு வேலியார் கட்சியே வலுக்கிறது: முதல் அணியின் பிப் ஒரு குறிப்பிட்ட கழுத்துக்கென முன்பே தீர்மானிக்கப்பட்டது, இவர் கழுத்து அதுவன்று. வடக்கு வேலியார் இதற்கு இன்றுவரை விடை தரவில்லை. அவர்களில் சிலர் சிரித்தார்கள் என்று கேள்வி. சிரிப்பு மறுப்பாகாது.

பிப்ரவரி பயிற்சி ஆட்டத்தில் இரு தரப்பும் பிப் அணியாமல் வந்தால் என் முடிபுகளை நூலாக விரித்து எழுதும் எண்ணம் உண்டு. அணிந்து வந்தாலும் உண்டு. வரும் டிசம்பரில் மெல்பர்னில் இருக்க நேரும் வாசகர்கள், பயிற்சி பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நாளாகப் பார்த்து துல்லாமரினுக்குப் போகவும். தொப்பியும் தொலைநோக்கியும் அவசியம். தெற்கு வேலியருகே நிற்கவும். வடக்கு வேலியார் வலிய வந்து பேசினால் விமானச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிவிடவும்.