பரண்மேல் பாதி வண்டி

அவரை அடையாளம் காண்பது சுலபம். வண்டியைக் காட்டி, "புல்லட் நல்லாருக்கு சார்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் ஒரு கணம் மலர்ந்து அடுத்த கணமே சுருங்கும். "புல்லட் இல்லைங்க, கிளாசிக்." தமிழ்நாட்டில் ராயல் என்ஃபீல்டு எந்த மாடலாக இருந்தாலும் புல்லட்தான். பெட்ரோல் போடுகிறவருக்கும் புல்லட், டிராபிக் காவலருக்கும் புல்லட், சொந்த மாமியாருக்கும் புல்லட். இந்தத் திருத்தத்தை நாளைக்கு நான்கு பேரிடமாவது சொல்ல வேண்டியிருப்பது அவருடைய நிரந்தரக் குறை.

வேளச்சேரியில் வீடு, ஓ.எம்.ஆரில் ஆபீஸ், நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயது. 2021 செப்டம்பரில் புதிய கிளாசிக் 350 வந்ததும் முதல் ஆட்களில் ஒருவராக வாங்கினார். சென்னை ஷோரூம் விலை 1.84 லட்சத்தில் தொடங்கியது. 349 சி.சி., 20 குதிரைசக்தி, 195 கிலோ எடை. தோற்றம் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் வண்டி. உள்ளே ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் செல்ஃப் ஸ்டார்ட்டும். ஆரம்ப விலை ரகத்துக்கு ரெட்டிச் என்று பெயர். கம்பெனியின் இங்கிலாந்துப் பூர்விக ஊர் அது. அங்கே தொழிற்சாலையை மூடி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. வண்டி பிறப்பதெல்லாம் சென்னையை ஒட்டித்தான். ஆக, கம்பெனிக்காரர்களே முடிந்தவரை பழசாக்கித்தான் கொடுத்திருந்தார்கள். நம்மவருக்கு அந்தப் பழசு போதவில்லை.

இதில் மிகவும் குழம்பிப்போனவர் பெரியப்பா. அவரிடம் அசல் புல்லட் ஒன்று இருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு: டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, பிறகு முழு உடம்பையும் போட்டு உதைக்க வேண்டும். சமயத்தில் வண்டி திருப்பி உதைக்கும். நிறுத்திய இடத்திலெல்லாம் ஆயில் கோலம். அதில் சிலிண்டர் ஏற்றினார், அரிசி மூட்டை ஏற்றினார், வண்டி புதுசு போலத் தெரிய வேண்டுமென்று கிடைத்த இடத்திலெல்லாம் குரோமியம் பூசினார். கடைசியில் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு ஸ்கூட்டர் வாங்கியபோது அவர் முட்டிகள் இரண்டும் நன்றி சொல்லின. அப்படித் தொலைத்ததைத்தான் தம்பி மகன் இப்போது துண்டு துண்டாகக் காசு கொடுத்து வாங்குகிறார்.

முதல் பலி சைலன்சர். ஷோரூமிலிருந்து வந்த மூன்றாம் நாளே ஜி.பி. ரோடுக்குப் போனார். அங்கே சைலன்சர் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் பரிதாபமாகப் பார்ப்பார். கோல்ட்ஸ்டாரா, ஷார்ட் பாட்டிலா, பஞ்சாபா, இந்தூரியா என்று ஜாதகம் பார்த்துச் சொல்ல வேண்டும். நம்மவர் கோல்ட்ஸ்டார் எடுத்தார். அது பி.எஸ்.ஏ. என்ற போட்டிக் கம்பெனி வண்டியின் பெயர் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. பழைய இன்ஜினில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும், புதியதில் 85.8, போதாக்குறைக்கு அதிர்வைத் தணிக்கத் தனியாக ஒரு பேலன்சர் ஷாஃப்ட். "அந்த உதறலே இல்ல பெரியப்பா" என்று அங்கலாய்த்தார். "உதறலா? டேய், தாம்பரம் போயிட்டு வந்தா ராத்திரி சோத்தைப் பிசைய முடியாதுடா, கை மரத்துப் போயிருக்கும்" என்றார் பெரியப்பா.

175 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சத்தம் 80 டெசிபல். நம்மவர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மூன்றாம் மாடிக் கைக்குழந்தை எழுந்துவிடும். குழந்தையின் தாத்தா முன்னாள் வக்கீல். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொன்னதையும், அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு என்பதையும் லிஃப்டில் நிறுத்தி விளக்கினார். அந்த "ஒவ்வொன்றுக்கும்" என்ற சொல் நம்மவரைச் சற்று ஆட்டியது. அன்றிரவு விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இரண்டு கை போதவில்லை.

அடுத்தது நிறம். ராணுவப் பச்சை வேண்டும் என்று பெயிண்டரிடம் போனார். பெயிண்டர் மறுத்துவிட்டார்: மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அந்த ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே. 2018-இல் கம்பெனியே போர்க்கால வண்டி நினைவாக, உலகத்துக்கே ஆயிரம் மட்டும் என்று பெகாசஸ் பதிப்பு வெளியிட்டபோதுகூட, இந்தியாவில் பழுப்பு நிறத்தைத்தான் விற்றது. நம்மவர் சமாதானமாகி, பாலைவன மணல் நிறத்துக்கு இறங்கிவந்தார். டேங்க் ஓரத்தில் பொன்கோடு மட்டும் கையால் இழுக்க வேண்டும் என்று பிடிவாதம். திருவொற்றியூர் ஆலையில் அண்ணன் தம்பி இருவர் ஸ்கேலோ ஸ்டென்சிலோ இல்லாமல் ஒரே மூச்சில் அந்தக் கோட்டை இழுத்தவர்கள் என்று எங்கோ படித்திருந்தார். பெயிண்டரும் ஒரே மூச்சில்தான் இழுத்தார். நடுவில் ஒரு தும்மல் வந்துவிட்டது.

பிறகு அவருக்குக் கஃபே ரேசர் மோகம். 1950, 60களில் லண்டன் ஏஸ் கஃபே வாசலில் இளைஞர்கள் வண்டியில் வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, மணிக்கு நூறு மைல் தொட்டுவிடத் துடித்த காலத்தின் கோலம் அது. நம்மவர் ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார். வேகத்தடைக்கு ஒரு "அம்மா" வீதம், வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை இருபத்தாறு அம்மா. பிசியோதெரபிஸ்ட் கட்டணம் ஹேண்டில்பார் விலையைத் தாண்டிய மாதம் பழைய ஹேண்டில்பாரே திரும்ப வந்தது. ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டின் ஆயுள் அதைவிடக் குறைவு. மனைவி கீழே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஏங்க, நான் எங்க உக்காரது?" சாரி கார்டை ஏற்கெனவே கழற்றியிருந்தார். அதற்கும் விதி உண்டு என்று தாத்தா லிஃப்டில் சொன்னார்.

ஹேண்டிலில் லடாக் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும். இருபுறமும் ஜெர்ரி கேன். அவர் ஏறிய அதிகபட்ச உயரம் ஏலகிரி. ஆனால் அவரை மட்டும் குறை சொல்வானேன்? கர்துங் லா கணவாயில் வைத்த பலகையே 18,380 அடி என்று சொல்லிவந்தது. அளந்து பார்த்தால் 17,582தான்.

ஞாயிறு காலை ஈ.சி.ஆர். டீக்கடையில் நிறுத்தினால் இன்னும் பத்து வண்டிகள். பத்திலும் மணல் நிறம், பழுப்புத் தோல் பை, ஹேண்டில் நுனியில் வட்டக் கண்ணாடி, கொடி. "என்னோடது முழுக்க கஸ்டம்" என்று பத்துப் பேரும் சொன்னார்கள். ஒருவர் டீ குடித்துவிட்டு வேறொருவர் வண்டியில் சாவியைப் போட்டு இரண்டு நிமிடம் மல்லாடினார்.

உச்சம் புதுப்பேட்டையில் நடந்தது. பழைய உதிரிபாகச் சந்தில் அம்மீட்டர் ஒன்று கண்ணில் பட்டது. "ஒரிஜினல் சார், இனிமே கெடைக்காது" என்றார் கடைக்காரர், விலையை நம்மவர் முகத்திலிருந்து படித்தபடி. லேத்தில் பித்தளைத் தாங்கி கடைந்து அதை மாட்டினார். ஒயர் எதுவும் கொடுக்கவில்லை; புது வண்டிக்கு அதனால் வேலையும் இல்லை. பெரியப்பா வந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தவர், பல வருடங்களுக்குப் பிறகு பரபரப்பானார்.

"டேய், முள்ளு நடுவுல நிக்குதுடா. விடாத, உதை!"

"உதைக்கிறதுக்கு இதுல கிக்கரே இல்ல பெரியப்பா."

கழற்றிய அசல் பாகங்களை அவர் விற்கவில்லை. பின்னால் வண்டியை விற்கும்போது வாங்குகிறவன் ஸ்டாக் சைலன்சர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பான் என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். எல்லாம் பழைய வேட்டிகளில் சுற்றிப் பரணில் இருக்கின்றன. பொங்கலுக்கு வெண்கலப் பானை தேடி ஏறிய மனைவி சைலன்சர், இரண்டு கண்ணாடி, மட்கார்டு, சாரி கார்டு, இண்டிகேட்டர் நான்கு என்று ஒவ்வொன்றாகக் கீழே நீட்டினார். "இன்ஜின் ஒண்ணுதான் இல்ல. இருந்தா இன்னொரு வண்டியே ஓட்டலாம்."

அவர் கேலியாகத்தான் சொன்னார். நம்மவர் ஏணியைப் பிடித்தபடியே போனை எடுத்து, புதுப்பேட்டைக்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.