விகிதம் கேட்கும் ஆசாமி

டோக்கியோவின் ஷின்ஜுகு பக்கம், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அலுவலகம் எதில் நுழைந்தாலும் இந்த ஆசாமி தட்டுப்படுவார். கல்லூரியில் மூன்றாம் வருஷம். மடியில் ஒரு ஃபைல். அதற்குள் செபு, மால்டா, வான்கூவர், பிரிஸ்பேன் ஆங்கிலப் பள்ளிகளின் விளம்பரப் புத்தகங்கள். முதலில் கட்டணம் கேட்க மாட்டார். பாடத்திட்டமும் கேட்க மாட்டார். பெண்ணுக்கு வரன் விசாரிக்கும் தகப்பனார் மாதிரி குரலைத் தாழ்த்தி, “அங்கே ஜப்பான்காரர்கள் எத்தனை சதவீதம்?” என்பார்.

அத்தனை தூரம் போயும் ஜப்பானிய மொழியிலேயே அரட்டை அடித்துவிட்டுத் திரும்புவதா என்ற கவலை. நியாயம்தான். எதிரே இருக்கும் ஆலோசகர் அம்மாளுக்கு இது தினசரிக் கேள்வி. பள்ளிகள் கமிஷன் தருவதால் மாணவரிடம் அவர் காசு வாங்குவதில்லை; பொறுமைக்கும் குறைவில்லை.

“செபுவில் ஆளுக்கொரு ஆசிரியர் உட்கார்ந்து சொல்லித் தருவார். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் கட்டணம். ஆனால் பக்கத்து ஊர் என்பதால் நம் ஆட்கள் நிறைய.”

ஆசாமி முகம் சுருங்குகிறது.

“மால்டா? 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட தீவு. ஆங்கிலமும் ஆட்சிமொழி. விமானம் மாறித்தான் போகவேண்டும்.”

முகம் மலர்கிறது. விமானம் மாறிப்போகிற ஊருக்கு எவன் வருவான்?

பிறகு கணக்கு. வாரம் 20 பாடம், பாடத்துக்கு 45 நிமிஷம், ஆக 15 மணி நேரம்தான் என்று கால்குலேட்டரில் தட்டி அந்த அம்மாளுக்கே காட்டுவார். பதிவுக்கு ஒரு கட்டணம், புத்தகத்துக்கு ஒன்று, விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போக இன்னொன்று. தங்குவதற்கு ஒரு குடும்பத்தின் வீடு. பூனை ஆகுமா, சிகரெட் உண்டா என்ற கட்டங்களை நிரப்பி, ‘வீட்டில் வேறு ஜப்பான்காரர் கூடாது’ என்று அடிக்கோடும் போடுவார்.

“எப்போது போகிறீர்கள்?”

“பிப்ரவரி.”

அம்மாள் மெல்லக் கனைத்துக்கொண்டார். “பிப்ரவரி, மார்ச்சில் நம் கல்லூரிகளுக்கெல்லாம் லீவு. விகிதம் கொஞ்சம் ஏறும். ஜூனில் போனால் ஆளே இருக்காது.”

“ஜூனில் எனக்குக் காலேஜ் இருக்கிறதே!”

எல்லாருக்கும்தான் இருக்கிறது.

மால்டாவில் முதல் திங்கட்கிழமை, எந்த வகுப்பில் போடலாம் என்று பார்க்க ஒரு தேர்வு. பள்ளி நாளெல்லாம் இலக்கணத்தை உருப்போட்டவர்; எழுத்தில் வெளுத்து வாங்கினார். நேரில் உட்காரவைத்து, சனி ஞாயிறு எப்படிப் போயிற்று என்று கேட்டதற்குப் புன்னகைத்தார். கூட்டிக் கழித்து இடைநிலை வகுப்பில் போட்டார்கள். அதே இலக்கணத்தை உருப்போட்டு, அதே கேள்விக்கு அதே புன்னகையைத் தந்த இன்னும் ஆறு பேர் அங்கே இருந்தார்கள். அத்தனை பேரும் விகிதம் கேட்டு வந்தவர்கள். பள்ளி முழுக்கத் தேடினாலும் வேறு ஜப்பான்காரர் கிடையாது. இருந்தவர்களெல்லாம் அந்த ஓர் அறையில்தான்.

லேசாகத் தலைகுனிந்து வணங்கிவிட்டு, ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் வைராக்கியம் தாங்கிற்று. மூன்றாம் நாள், ஒட்டுகிற பதத்தில் வேகும் அரிசி ஸ்லீமாவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவர் தாய்மொழியில் கேட்டுவிட்டார்.

கடைசி வெள்ளிக்கிழமை சான்றிதழோடு ஒரு கருத்துப் படிவமும் தந்தார்கள். ஆசாமி பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதினார்: ‘ஆசிரியர்கள் அருமை. ஒரே குறை, வகுப்பில் ஜப்பான்காரர்கள் ஆறு பேர்.’

ஏழு படிவங்களிலும் ஆறு என்றே இருந்தது.