பர்மாவா?

நேற்று வந்த சம்பந்தி, மொட்டை மாடியில் நானே அறுத்து இழைத்துப் போட்டிருக்கும் பெஞ்சில் உட்காரவில்லை. குனிந்து, விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். "பர்மாவா சம்பந்தி?" என்றார்.

"கானா" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. காபியை நின்றுகொண்டேதான் குடித்தார்.

வெயிலும் மழையும் படுகிற இடத்தில் மரச் சாமான் போடுகிறவர்கள், மரம் வாங்கும்போது கவனிக்க வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தப் பர்மா விவகாரத்தை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

தேக்கை உருட்டுக் கட்டையாக வெளியே அனுப்புவதைப் பர்மாக்காரர்கள் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நம் தெருவில் வைத்த நிலை, கதவு, ஜன்னல் அத்தனையும் பர்மாத் தேக்குதான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை, ஒப்புக்கொள்கிறேன். ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள், கப்பலில் கொண்டுவந்தார்கள். கடல் பக்கமே போகாத நம் தாத்தாக்களுக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்? சாய்வு நாற்காலி பர்மா. உத்தரம் பர்மா. சாமி அலமாரி பர்மா. எங்கள் பெரியப்பா வீட்டில் சப்பாத்திப் பலகைகூட பர்மா. அதை நாலு பிள்ளைகளுக்கும் பாகம் பிரிக்க முடியாமல் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. இவர்கள் சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பர்மாவில் இப்போது ஒரு செடி மிஞ்சியிருக்கக் கூடாது.

தட்டினால் உள்ளே பொந்து இருக்கிறதா என்று ஓரளவு தெரியும். பிறந்த ஊர் தெரியாது. இவ்வளவு பேசுகிற நானும் மரக்கடையில் தட்டினேன். பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? "என்ன சார் சொல்லுது?" என்றார் கடைக்காரர். "நல்லாத்தான் இருக்கு" என்றேன், டாக்டர் மாதிரி.

இழைக்கும்போதுதான் மரம் பேசும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, விரலில் பிசுக்கென்று ஒட்டும். மணல் சத்தும் உண்டு. இழைப்புளித் தகட்டைத் தீட்டி மாளாது. புதிதாக இழைத்த பரப்பில் தோல் செருப்பு வாசனை லேசாக அடிக்கும். இதையெல்லாம் முகர்ந்து பார்த்த விருந்தாளி ஒருவர்கூட இல்லை.

கட்டை ஓரத்தில் வெளிறிக் கிடக்கிறதே வெள்ளை, அதையும் யாரும் பார்ப்பதில்லை. மழை படுகிற இடத்தில் முதலில் உளுப்பது அதுதான், பர்மாவானாலும் அப்படித்தான். ஆனால் விலை மட்டும் வைரத்துக்கும் வெள்ளைக்கும் ஒன்றே. 1,728 கன அங்குலம் சேர்ந்தால் ஒரு கன அடி என்று கால்குலேட்டரில் கூசாமல் தட்டுகிறார்கள்.

அடுத்து மரம் வாங்கப் போகிறவர்கள், கணக்குப் போடும்போது வெள்ளையைக் கழிக்கச் சொல்லுங்கள். கழிக்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்லுங்கள்.