அஞ்சு கிராமுக்கு எதுக்குத் தாயி அம்பது கிலோ?

மாமா: என்ன தாயி இது? ‘இரும்பு ராடு ஒண்ணு, பிளேட்டு அம்பது கிலோ, ரப்பர் விரிப்பு ரெண்டு’ன்னு எழுதிக் குடுத்துருக்க. நம்ம கமிட்டி நடத்துறது ஷட்டில் போட்டி. கொல்லம்பட்டறைக்குச் சரக்கு எழுதுன மாதிரில்ல இருக்கு!

டீச்சர்: ஷட்டிலுக்குத்தான் மாமா. பிள்ளைகளுக்குத் தொடையிலயும் இடுப்புலயும் வலு ஏறணும்.

மாமா: காக்கு என்ன எடை இருக்கும்?

டீச்சர்: பதினாறு இறகும் சேத்து அஞ்சு கிராம். 4.74 கிராமுக்குக் குறையக் கூடாது, 5.50 கிராமத் தாண்டக் கூடாதுன்னு விதி.

மாமா: அஞ்சு கிராம அடிக்கிறதுக்கு அம்பது கிலோவா? நீ கணக்குப் பாடம் படிச்ச பள்ளிக்கூடம் எது தாயி?

(துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கமிட்டிக் கூட்டங்களில் இதற்குத் தீர்மானம் நிறைவேறியது என்று பொருள்.)

டீச்சர்: காக்கத் தூக்குறதுக்கு யாரு ராடு கேட்டா? அது பின்னால ஓடுற உடம்பத் தூக்கணுமே, அதுக்கு. நாப்பத்தஞ்சு கிலோ இருக்குற பொண்ணு வலையோரம் ஒத்தக்கால எட்டி ஊண்டி, காக்க எடுத்துட்டு, அதே மூச்சுல பின்கோட்டுக்கு ஓடி எகிறி அடிக்கணும். முன்கால ஊண்டி நிக்கையில தன் எடையப் போல ரெண்டு மடங்குக்கு மேல அந்தக் கால்ல இறங்குது. ஒரு ஆட்டத்துல எத்தன தடவ ஊண்டுறான்னு எண்ணிப் பாருங்க. நீங்க மேடையில பேசுறப்ப எண்ணலாம், நேரம் நிறைய இருக்கும்.

மாமா: எல்லாம் மணிக்கட்டு தாயி. மணிக்கட்டச் சொழட்டத் தெரிஞ்சாப் போதும். எடை தூக்குனா உடம்பு இறுகிப்போயி வேகம் குறைஞ்சிரும்னு போன வருசம் மெட்ராஸ்ல இருந்து வந்த சிறப்பு விருந்தினரே சொன்னாரு.

டீச்சர்: அவருக்கு வேட்டியத் தூக்கிக் கட்டவே ஆள் வேண்டியிருந்துச்சு. சாத்விக்சாய்ராஜ் 2023ல ஜப்பான்ல ஒரு ஸ்மாஷ் அடிச்சாரு, மணிக்கு 565 கிலோமீட்டர். கின்னஸ்ல ஏறுச்சு. அந்த ஆளு தோளையும் தொடையையும் ஒரு தடவ பாருங்க. இறுகிப்போன உடம்புதான் அது. ஸ்மாஷு தரையில இருந்து கிளம்புது மாமா. கால் உதைக்குற உதை தொடைக்கு ஏறி, இடுப்பு திரும்பி, முதுகு வழியாத் தோளுக்கு வந்து, முழங்கையத் தாண்டித்தான் மணிக்கட்டுக்கு வருது. கடைசியா வர்ற மணிக்கட்டுக்கு மட்டும் நீங்க பொன்னாடை போத்துறீக.

மாமா: என்ன இருந்தாலும் அஞ்சு கிராம்...

டீச்சர்: சரி, கிராம்லயே பேசுவோம். போன வருச முதல் பரிசு ஷீல்டு எத்தன கிராம்?

மாமா: அதையா கேக்குற! ஆளு உசரம்ல! மதுரையில இருந்து வேன்ல வச்சுக் கொண்டாந்தோம். இறக்கவே ரெண்டு பேரு வேணும்.

டீச்சர்: ஜெயிச்ச பொண்ணால அதத் தூக்க முடியல. அதனால நீங்களும் பொருளாளரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நின்னீக. போட்டோவுல அவ கை மட்டும் தெரியுது. அஞ்சு கிராமுக்கு ஆடுனவளுக்கு இவ்வளவு பெரிய ஷீல்டு ஆகும், ராடு மட்டும் ஆகாதா? ஷீல்டு தூக்குற வலுவுக்காச்சும் வாங்கிக் குடுங்க.

மாமா: ஷீல்டு கௌரவம் தாயி. இந்த வருசம் ஃபிளக்ஸப் பாரு, அசந்துருவ. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல வெள்ளி வாங்குன துளசிமதி, வெண்கலம் வாங்குன மனிஷா, நித்யஸ்ரீ, மூணு பேரும் தமிழ்நாட்டுப் பிள்ளைக. அப்புறம் நம்ம மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா. 2022ல பிரேசில்ல நடந்த காதுகேளாதோர் ஒலிம்பிக்ல மூணு தங்கம்! நாலு பேரு படமும் போடுறோம்.

டீச்சர்: நடுவுல?

மாமா: நான்தான். கும்பிட்டாப்புல.

டீச்சர்: அந்த நாலு பிள்ளைகளும் படத்தப் பாத்தா பதக்கம் வாங்குனாக? சிந்துவையே எடுத்துக்கங்க. 2017ல கிளாஸ்கோவுல உலகப் போட்டி இறுதி ஆட்டம், ஒகுஹாராவோட 110 நிமிசம் மல்லுக்கட்டித் தோத்தாக. 2019ல பாசெல்ல அதே இறுதி, அதே ஒகுஹாரா. 21-7, 21-7. முப்பத்தெட்டு நிமிசத்துல கதை முடிஞ்சுது. ஜெயிச்சதும், ஜிம்ல அவுக எடையோட பட்ட பாடு வீடியோவா ஊரெல்லாம் சுத்துச்சு. எடை தூக்குனதுனால மட்டும் ஜெயிச்சாகன்னு சொல்ல மாட்டேன், ஆட்டமும் மாறியிருந்துச்சு. ஆனா அந்த ஆட்டத்த ஆட உடம்பு வேணும்ல?

மாமா: சின்னப் பிள்ளைக எடை தூக்குனா வளத்தி நின்னுபோகும்னு சொல்றாகளே.

டீச்சர்: பக்கத்துல ஆள் நின்னு, முதல்ல வெறும் பஸ்கி, அப்புறம் வெறும் ராடு, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா பிளேட்டுன்னு ஏத்துனா வளத்திக்கு ஒரு கெடுதலும் இல்லன்னு டாக்டருக சொல்லி எத்தனையோ வருசம் ஆச்சு. முதல் சில வாரம் சதைகூட அவ்வளவா ஏறாது. இருக்குற சதைய மொத்தமா வேலை வாங்க நரம்புதான் பழகுது. ஒண்ணு கேக்குறேன். சித்திரை வெயில்ல குழாயில தண்ணி நின்னுபோனா, இடுப்புல ஒண்ணும் தலையில ஒண்ணுமா குடம் சுமந்துக்கிட்டு வருதே அந்த வீட்டுப் பொண்ணு, அப்ப எவராச்சும் ‘அய்யோ, வளத்தி நின்னுபோகும்’னு ஓடியாந்து குடத்த வாங்குனீகளா? பருத்தி மூட்டையத் தூக்கையில வளர்ற பொண்ணு, ராடத் தூக்குனா மட்டும் குட்டையாயிருவாளா?

மாமா: இல்ல தாயி... பொம்பளப்பிள்ள ராடு தூக்குறான்னு தெரிஞ்சா நாளைக்கு மாப்பிள வீட்டுல...

டீச்சர்: கேஸ் சிலிண்டரு தூக்கத் தெரியுமான்னுதான் மாமா மாப்பிள வீட்டுல பாப்பாக. அது அம்பது கிலோவுக்கு ரொம்பக் குறைச்சல். பயப்படாதீக.

மாமா: நம்ம முன்னோரு எல்லாம் ஜிம்முக்கா போனாக? என் தாத்தா, கோயில் முன்னால கிடக்கே இளவட்டக்கல்லு, அத நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்கு ஏத்தி, பின்னால எறிஞ்சவரு!

டீச்சர்: அவரு எத்தன கிராம் பந்து ஆடுனாரு?

(மாமா துண்டை உதறவில்லை.)

டீச்சர்: குனிஞ்சு, முதுகு வளையாம, தொடை வலுவுல கல்லக் கிளப்புறாருல்ல, அதத்தான் நான் ராடு வச்சுச் சொல்லிக்குடுக்கப் போறேன். அந்தக் கல்லுக்கு நீங்க என்ன பண்ணீக? சுண்ணாம்பு அடிச்சு, சுத்திச் சிமெண்டு பூசி, ‘தொடாதீர்கள்’னு எழுதிப் போட்டீக.

மாமா: சரி, நம்மதான் உடற்பயிற்சிக்கூடம் கட்டியிருக்கோமே? அத விட்டுட்டு ராடு, ராடுன்னு...

டீச்சர்: கட்டுனீக, ரிப்பன் வெட்டுனீக. உள்ள ஓடுற மிசினு நாலு. காரியாபட்டில இருந்து திருச்சுழி வரைக்கும் பொட்டக்காடாக் கிடக்கு, எந்தப் பக்கமும் ஓடலாம். ஓட இடமில்லாத ஊருக்கு வாங்குற மிசின இங்க வாங்கி வச்சிருக்கீக. அதுக்கும் கரண்டு இணைப்பு வரல. எடை ஒண்ணுகூட இல்ல. உள்ளதுலயே கனமான சாமான் வாசல் பூட்டுதான்.

மாமா: தொறந்து போட்டா தூசி அடையும் தாயி. கரிசக்காட்டுப் புழுதி உனக்குத் தெரியாதா? பெரிய ஸ்டேடியம் ஒண்ணு வரட்டும், எல்லாத்தையும் சேத்துப் பாப்போம்.

டீச்சர்: பிரகாஷ் படுகோன் பெங்களூருல ஒரு கல்யாண மண்டபத்துல ஆடிப் பழகித்தான் 1980ல ஆல் இங்கிலாந்து ஜெயிச்சாரு. ஸ்டேடியம் வரட்டும்னு உக்காந்திருந்தா கல்யாணச் சாப்பாடுதான் மிச்சம். உங்க மண்டபம் ஆடி மாசம் சும்மாதான கிடக்கு? வெளிய அடிக்கிற ஆடிக் காத்துக்கு காக்கு கோயில் கோபுரத்துக்குப் போயிருது. ஒரு மாசம் சாவி குடுங்க.

மாமா: மார்பிள் தரை, கீறல் விழுந்துரும்.

டீச்சர்: கீறலா? போன வருசம் இறுதி ஆட்டத்துல ஒரு பொண்ணு விழுந்தாளே, ஞாபகம் இருக்கா? பின்மூலையில இடது பக்கம் உசரமா வந்த காக்க எக்கி அடிச்சா. இடது கால் ஒண்ணுல இறங்குனா. முட்டி உள்பக்கமா மடங்குச்சு. சத்தம் எனக்குக் கேட்டுச்சு மாமா. உங்களுக்குக் கேக்கல, ஏன்னா மைக்ல உங்களுக்குப் பாராட்டுரை ஓடிக்கிட்டிருந்துச்சு. அவளத் தூக்கி ஓரமாப் படுக்க வச்சோம். சர்பத் கடையில ஐஸ் உடைச்சு வாங்கி, என் துப்பட்டாவுல கட்டி முட்டியில வச்சேன். உரை நிக்கல. பொன்னாடை வரிசை முடிஞ்சப்புறந்தான் ஆட்டோவுக்கு வழி விட்டீக. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் வந்து எட்டிப் பாக்கல. அவ இன்னைக்கு மாடிப்படி இறங்கக் கைப்பிடியப் பிடிக்கிறா. வயசு பதினாறு!

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. வெளியே தூத்துக்குடி லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது.)

மாமா: ...எடை தூக்கியிருந்தா மட்டும் அடி படாதா?

டீச்சர்: படவே படாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ரியோவுல தங்கம் வாங்குன கரோலினா மரினுக்கே 2019ல ஜகார்த்தா இறுதி ஆட்டத்துல முட்டி போச்சு. 2021ல இன்னொரு முட்டி. 2024ல பாரிஸ் அரையிறுதியில ஜெயிச்சுக்கிட்டு இருக்கையில மறுபடியும். அவுகளுக்கு வலு இல்லன்னு எவன் சொல்லுவான்? ஆனா தொடைக்கும் பின்தொடைக்கும் வலு ஏத்தி, குதிச்சு இறங்குறப்ப முட்டி உள்ள மடங்காமச் சொல்லிக்குடுத்தா ஆபத்து குறையும். அதையுங்கூடச் செய்யாம பிள்ளையக் களத்துல இறக்கிவிட்டுட்டு, ‘துரதிர்ஷ்டம்’னு மைக்ல பேசுறது அயோக்கியத்தனம்.

மாமா: ஏய், கமிட்டியவா சொல்ற?

டீச்சர்: கமிட்டியையும், ரெண்டு வருசமா வாயத் தொறந்து கேக்காம இருந்த பெத்தவங்களையும். வாரத்துல ரெண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். பஸ்கி, ஒத்தக்கால் பஸ்கி, ராடத் தரையில இருந்து கிளப்புறது, குதிகால் தூக்குறது, முதுகுக்கு ஒரு இழுப்பு. போட்டிக்கு முந்துன நாள் கிடையாது. சாப்பிட முட்டை, அவிச்ச கடலை. இவ்வளவுதான் நான் கேக்குறது. இந்த வருசம் பொன்னாடை எத்தன?

மாமா: நாப்பது. கூட ரெண்டு இருக்கட்டும்னு சொல்லியிருக்கு.

டீச்சர்: ஒண்ணு எத்தன கிராம்?

மாமா: கிராம விடு தாயி! சரி, ஷீல்டக் கொஞ்சம் குட்டையாக்கி ராடு வாங்கிருவோம். பிளேட்டுல ‘உபயம்’னு என் பேரு போடலாம்ல?

டீச்சர்: ரெண்டு பக்கமும் போடுங்க மாமா, எப்படிக் கோத்தாலும் தெரியும். தொறப்பு விழா கூட வச்சுக்கங்க. அதுல அம்பது கிலோவ நீங்களே தூக்கிக் காட்டணும். அப்புறம் கூடத்துச் சாவிய எங்கிட்டக் குடுத்துறணும். காலையில அஞ்சரைக்குப் பிள்ளைக வரும்.