அச்சு வரிசையும் அனுமதி மறுப்பும்: ஓர் அலுவலகக் கள ஆய்வு

ஆய்வுக் களமும் எல்லையும்

காவிரிக் கரையூர் ஒன்றில், நகைக்கடைக்கு மேல் மாடியில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகமே இவ்வாய்வின் களம். நான்கு கம்ப்யூட்டர், ஆறு ஊழியர், எல்லாருக்கும் பொதுவாக ஒரு லேசர் பிரிண்டர். கால எல்லை, ஒரு மாதத்தின் 20-ஆம் தேதி காலை 10 மணி முதல் 12 மணி வரை. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள் அது என்பதும், பிரிண்டர்கள் படுத்துக்கொள்ள அந்த நாளையே தேர்ந்தெடுக்கும் என்பதும் அறிஞர் அறிந்ததே. ஆய்வு அறம் கருதித் தகவலாளர்கள் அ, ஆ, இ என்றே குறிக்கப்படுகின்றனர். ஆய்வாளர் அதே அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே களப்பணி ஆற்றிவருபவர். ஆய்வு முறை: பக்கத்து மேசையில் உட்கார்ந்து, எதிலும் தலையிடாமல் குறிப்பெடுத்தல்.

கருதுகோள் இது: பிரிண்டர் பிரச்சினை, ஃபோல்டர் பிரச்சினை என்று இரண்டு கிடையாது. இருப்பது ஒன்றே. அதன் பெயர் அனுமதி.

ஆய்வு முன்னோடிகள்

இத்துறையின் பேராசான் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்திருந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். போய்ப் பார்த்தால்தான் தெரியும். பழைய பிரிண்டரில், தாள் சிக்கினால் காத்திருப்போர் திரையிலெல்லாம் செய்தி வரும்படி அவர் செய்து வைத்திருந்தார். புதியதிலும் அப்படியே செய்ய நினைத்தபோது மூல நிரல் கைக்கு வரவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரிலேயே கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகப் பதில் வந்தது. 1983-இல் அவர் அறிவித்த குனு என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு அந்தக் கடுப்பும் ஒரு விதை. பிரிண்டர் முன்னால் அனுமதி மறுக்கப்பட்ட அவர் ஓர் இயக்கம் தொடங்கினார். நாம் அதே இடத்தில் டீ சொல்கிறோம்.

இயல் ஒன்று: கைவைத்தியம்

பிரிண்ட் வரவில்லை என்றதும் தகவலாளர் அ மறுபடி பிரிண்ட் கொடுத்தார். அப்போதும் வராததால் மீண்டும் கொடுத்தார். ஏழு முறை ஆயிற்று. ஆ, பிரிண்டரின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார். இ, டோனரைக் கழற்றிப் பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் இடமும் வலமும் ஆட்டினார். எழுத்து மங்கும்போது செய்தால் இது பலன் தரும். ஓரம் ஒதுங்கிய பொடி பரவும். எழுத்தே வராதபோது செய்தால் சட்டை மட்டும் கருக்கும்.

அதற்குள் ஆரஞ்சு விளக்கு சிமிட்டியது. பிரிண்டரின் சிறு திரையில் ‘லோட் லெட்டர்’ என்று ஓடியது.

“என்ன தம்பி இது, லெட்டர் வைக்கச் சொல்லுது?”

“எந்த லெட்டர் மேடம்?”

“நம்ம ஆபீஸ் லெட்டர்பேடாத்தான் இருக்கும்.”

முகவரியும் போன் நம்பரும் அச்சிட்ட லெட்டர்பேடு தாள்கள் இருபது, பயபக்தியுடன் தட்டில் வைக்கப்பட்டன. பிரிண்டர் மனம் இரங்கவில்லை.

ஏன் எனின், அது கேட்டது கடிதம் அன்று, தாள் அளவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் ‘லெட்டர்’ தாள் 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. நீளம். நம்மூர் ஏ4 அகலம் 210, நீளம் 297. ஏ4 கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் நெட்டை. யாரோ அமெரிக்க அளவில் ஒரு கோப்பை அனுப்பிவிட, இல்லாத தாளைக் கேட்டுப் பிரிண்டர் கையேந்தி நின்றது. அதன் பின்னால் அ-வின் ஏழு பிரிண்டும், மற்றவர்களின் பன்னிரண்டும், ரேஷன் கடையில் முதல் ஆளின் கைரேகை விழாதபோது நிற்பதுபோல் நின்றன. அந்த ‘யாரோ’ யார் என்பது பின்னர் விளக்கப்படும்.

இயல் இரண்டு: அனுமதி இலக்கணம்

ஆ வரிசையைத் திறந்து பார்த்தார். தலைமாட்டில் ‘டவுன்லோடு (3)’ என்றொரு கோப்பு, 32 பக்கம். அனுப்பியவர் பெயர் இருக்கும் கட்டம், ஜன்னல் குறுகலாக இருந்ததால் வலப்பக்கம் ஒளிந்துகொண்டது. நீக்கிப் பார்த்தார், அனுமதி இல்லை என்றது. அவரவர் கொடுத்த பிரிண்டை அவரவர் நீக்கலாம். பிறர் கொடுத்ததை நீக்கத் தனி உரிமை வேண்டும் என்பது விண்டோஸின் வழக்கம்.

ஃபோல்டர்களுக்கும் இதே வழக்கம்தான். 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ், யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற பட்டியலை ஒவ்வொரு ஃபோல்டரின் கழுத்திலும் கட்டிவிட்டது. அதன் விதிகளுள் மூன்று இங்கே போதும்.

முதல் விதி: ஷேரிங்கில் ஓர் அனுமதி, ஃபோல்டரில் ஓர் அனுமதி; இரண்டில் எது குறுகலோ அதுவே செல்லும். தெருக்கேட்டு பத்தடி, நிலைப்படி மூன்றடி என்றால் உள்ளே போகும் பீரோ மூன்றடிதான்.

இரண்டாம் விதி: ஒரு குழுவில் இருப்பதால் ‘சரி’, இன்னொரு குழுவில் இருப்பதால் ‘கூடாது’ என்று ஒரே ஃபோல்டரில் இரண்டும் எழுதியிருந்தால், ‘கூடாது’தான் வெல்லும். பெண் பார்த்த இடத்தில் பத்துப் பேர் தலையாட்டினாலும் ஓர் அத்தை உதட்டைப் பிதுக்கினால் முடிந்ததல்லவா?

மூன்றாம் விதி: காப்பி செய்த கோப்பு, போய்ச் சேர்ந்த ஃபோல்டரின் அனுமதிகளை ஏற்கும், அந்த வீட்டிலேயே பிறந்த பிள்ளை அது. அதே டிரைவுக்குள் கட் செய்து ஒட்டியதோ பழைய அனுமதிகளோடே வந்து உட்காரும், வீட்டோடு மாப்பிள்ளை.

இம்மூன்றையும் படிக்கப் பொறுமை இல்லாதவர் கண்ட குறுக்குவழி, ‘எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்’. இக்களத்தில் போன வருடமே அது செய்யப்பட்டது. அடுத்த வாரம் அரிசி மண்டிக்காரர் ஃபோல்டரைக் காணோம். போலீசுக்குப் போகலாமா என்பது வரை பேச்சு வந்தபின், இ-யின் மவுஸ் வழுக்கியதில் அது பக்கத்திலிருந்த பாத்திரக் கடை ஃபோல்டருக்குள் விழுந்து கிடந்தது தெரிந்தது.

இயல் மூன்று: இரண்டும் ஒன்றே

11.40-க்கு சர்வீஸ் தம்பி வந்தார். “ரீஸ்டார்ட் பண்ணீங்களா?” என்றார். மூன்று முறை செய்திருந்தோம். ரீஸ்டார்ட்டால் ஏன் தீரவில்லை என்பதற்கு அவர் தந்த விளக்கமே இவ்வாய்வின் உச்சம்.

நாம் கொடுக்கும் பிரிண்ட் நேரே பிரிண்டருக்குப் போவதில்லை. ஸ்பூலர் என்னும் எழுத்தர் அதை வாங்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கிறார். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். ஒவ்வொரு பிரிண்டுக்கும் அங்கே இரண்டு கோப்பு: அச்சாக வேண்டியது எஸ்பிஎல், யார் கொடுத்தது, எந்தப் பிரிண்டருக்கு என்ற விவரம் எஸ்எச்டி. உருவும் நிழலும். டிஸ்க்கில் கிடப்பதால் கம்ப்யூட்டரை அணைத்தாலும் அவை சாவதில்லை. எழுந்ததும் அதே வரிசை, அதே தலைமாடு. எழுத்தரை நிறுத்தி, ஃபோல்டரைக் காலி செய்து, எழுத்தரை மறுபடி உட்கார வைத்தால்தான் தீரும். ஆக, பிரிண்டர் பிரச்சினை என்பது ஒரு ஃபோல்டர் பிரச்சினை. கருதுகோள் மெய்ப்பட்டது.

தம்பி அந்த ஃபோல்டரைத் திறந்தார். அனுமதி இல்லை என்றது. கருதுகோள் இரண்டாம் முறையும் மெய்ப்பட்டது.

அட்மின் பாஸ்வேர்டு அறிந்தவர் ஆடிட்டர் ஒருவரே. அவர் முகூர்த்தத்தில் இருந்தார். போனை எடுத்தார், கெட்டிமேளமும் சேர்ந்து வந்தது.

“சார், ஆருக்கு அப்புறம் ஏ. ஏ பெரிசா சின்னதா?”

“பெரிசு. தம்பி, தாலி கட்டுறாங்க, வை.”

மூன்றாம் முயற்சியில் பாஸ்வேர்டு பொருந்தியது. நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது.

முடிவுரை

ஃபோல்டரைத் துடைக்குமுன் தம்பி வரிசை ஜன்னலை அகலமாக இழுத்துப் பார்த்தார். ‘டவுன்லோடு (3)’, 9.50-க்குக் கொடுக்கப்பட்டது, யானை, குரங்கு, ஒட்டகச்சிவிங்கி என 32 பக்கம் வண்ணம் தீட்டும் படங்கள், ஏதோ அமெரிக்கத் தளத்திலிருந்து இறக்கியவை. யுகேஜி படிக்கும் பெண்ணுக்காக. உரிமையாளர் பெயரும் பக்கத்திலேயே இருந்தது.

ஆய்வு அறம் கருதி அப்பெயர் இங்கே தவிர்க்கப்படுகிறது. பாஸ்வேர்டும் இல்லாமல், கல்யாண வீட்டுக்குப் போனும் போடாமல், ஒரே கிளிக்கில் அந்தக் கோப்பை நீக்கும் அனுமதி ஊழியர் ஆறு பேரில் அந்த ஒருவருக்குத்தான் இருந்தது என்பதும், அவர் அந்த இரண்டு மணி நேரமும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, எதிலும் தலையிடாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் மட்டும் பதிவு செய்யப்படுகின்றன.