சேலத்து ஸ்வெட்டர்

குளிர் தேசத்துக்காக எழுதிய ஸ்வெட்டர் அளவுக் குறிப்பு, சித்திரை வெயிலில் கொதிக்கும் சேலம், நாமக்கல் வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பேரன் பிறந்தால் உல்லனில் ஏதாவது பின்னியே தீருவது என்பது பாட்டிகளின் கொள்கை. தாத்தா சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டால் விசிறிக்கொண்டிருப்பார். பேரன் தலையில் குல்லா.

விவரமானவர்கள் குறிப்பைத் திருத்துகிறார்கள். உல்லன் அரிக்கும், பருத்தி நூல் போதும். வேர்க்கும், கை வேண்டாம். காலர் உறுத்தும். பட்டனைப் பிள்ளை விழுங்கிவிடும். எல்லாம் போக மிஞ்சுவது பனியன். அதைத்தான் திருப்பூர் மெஷின்கள் ராப்பகலாகப் பின்னித் தள்ளுகின்றனவே!

கணக்கும் இடிக்கிறது. குறிப்பில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 50 செ.மீ. சுற்றளவுக்கு 110. நம் நூலில் 20 கண்ணிதான் விழுகிறது என்றால், அதே 110 கண்ணி 55 செ.மீ. ஆகிவிடும். "வளர்ற புள்ளதானே, அடுத்த வருசம் போட்டுக்கட்டும்" என்று பாட்டி தீர்ப்பெழுதிவிடுவார்.

ஆகவே தாய்மார்களே, முதலில் சின்னதாக ஒரு துண்டு பின்னி, துவைத்து, அளந்து பாருங்கள். அப்புறமும் ஸ்வெட்டர்தான் என்றால், ஏற்காட்டுக்கு பஸ் ஏறிய பிறகு மாட்டிவிடுங்கள்.