லட்சுமி வெடி வைத்த பத்து பைசா

1970-இல் அரசு சிமெண்ட் ஆலை வந்த பிறகுதான் ஆலங்குளத்தில் சம்பள நாள் என்று ஒன்று வந்தது. அன்று எங்கள் டவுசர் பையிலும் சில்லறை குலுங்கும். தீபாவளி நெருங்கினால் சிவகாசிச் சரக்கும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் ஆராய்ச்சிதான். லட்சுமி வெடியின் மேல் காசை வைத்துத் திரியைப் பற்றவைப்போம். யார் காசு உயரம் என்று பந்தயம். அறுகோண 3 பைசா முருங்கை மரத்தைத் தாண்டிப் போனது. என் பூ விளிம்புப் 10 பைசா வளைந்து, கருகி, குழித்தட்டாகத் திரும்பி வந்தது.

மிட்டாய்க்கு நீட்டினேன். கடை அண்ணாச்சி புரட்டிப் பார்த்துவிட்டு, “செல்லாது தம்பி, கோயில் உண்டியல்ல போடு” என்றார். ஊரில் ஊனமான காசெல்லாம் அப்போது சாமி கணக்குத்தான். எனக்குச் சாமிமேல் பயம். ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுவைத்தேன்.

2011 ஜூனோடு 25 பைசா வரை நல்ல காசுகளே செல்லாமல் போய்விட்டன. போன மாதம் அக்காள் மகன் என் காசைப் பார்த்தான்.

“மாமா, எரர் காயின்! லட்சக்கணக்குல போகும். பதிவுக் கட்டணம் மட்டும் முதல்ல கட்டச் சொல்றாங்க.”

பழைய காசு வியாபாரத்தில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்ததைச் சொன்னேன். மருமகன் என்னைத்தான் நம்பவில்லை.

விருதுநகரில் காசு சேர்ப்பவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். நாணயச்சாலைத் தவறுக்கும் ஓர் ஒழுங்கு உண்டாம். அச்சு விலகி விழுந்தால் ஒரு பக்கம் பிறைபோல வெறும் தகடு நிற்கும். மிச்ச எழுத்து கூராக இருக்கும். வில்லை வெட்டும்போதே ஓரம் போயிருந்தால், கடித்த இடத்துக்கு நேர் எதிர் விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். “வீட்ல உக்காந்து அரத்தால ராவுறவனுக்கு அந்த எதிர்ப்பக்கம் ஞாபகம் வராது சார்.”

இழுப்பறையிலிருந்து ஒரு செம்புக் காசு எடுத்தார். ராமர் பட்டாபிஷேகம், கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. கம்பெனி அப்படியொரு காசு அடித்ததே இல்லையாம். அரிசியை இழுக்கும் என்று சொல்லி அதை விற்க வந்தவனிடம், “அரிசி நான் கொண்டு வரட்டுமா?” என்று கேட்டாராம். ஆள் போனவன்தான், காசைக்கூட எடுக்கவில்லை.

பிறகு என் 10 பைசாவை லென்ஸில் பார்த்தார். மருமகன் மூச்சு விடவில்லை.

“என்ன வெடி சார், லட்சுமியா?”

தலையாட்டினேன்.

“நான் வச்சது தாமரைப்பூ போட்ட 20 பைசா. பித்தளை. கிணத்துக்குள்ள போய் விழுந்திருச்சு.”